ஒரே லூப்பில் நின்றுவிடாமல்: வீட்டில் முதல் எலக்ட்ரானிக் டிராக் செய்வது எப்படி

எலக்ட்ரானிக் இசை செய்யத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லேப்டாப்பில் மென்பொருளைப் போட்டு, ஒரு பீட் தட்டி, அதன்மேல் பேஸ் (கீழ்ச் சுர வரி), கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), மெலடி என்று அடுக்கி, எட்டு பார் (நான்கு அடி ஒரு பார்) நீளத்துக்கு ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டு, செய்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கும். அதற்கு அப்புறம் என்ன செய்வதென்று தெரியாது. இன்னும் ஒரு வாத்தியம், இன்னும் ஒரு மெலடி என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். லூப் கனத்துப்போகும், டிராக் மட்டும் பிறக்காது.

நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்தது. பல்லவி, இடையிசை, சரணம் என்று புதுப்புது மெட்டு வந்தபடி இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். ஹவுஸ், டெக்னோ போன்ற நடன இசை வகைகள் வேறு விதமாக நடக்கின்றன. அங்கே மெட்டு ஒன்றே ஒன்றுதான். அது ஒலிக்கும் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருக்கும். இது பிடிபட்டுவிட்டால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிடும்: புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், இருப்பதை நகர்த்துங்கள்.

இந்தக் கட்டுரையில் ஏழெட்டு ஒலிகளை மட்டும் வைத்து, ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் ஆசிட் ஹவுஸ் (முனகும் சிந்தசைசர் பேஸ் வரியைச் சுற்றி நகரும் ஹவுஸ் வகை) டிராக்கை முதலிலிருந்து கடைசிவரை செய்யப் போகிறோம். வேகம் 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 அடி. ஹவுஸ் இசை பொதுவாக 120 முதல் 128 வரை ஓடும். 120 எடுத்தால் கணக்கு எளிது: ஒரு அடி அரை விநாடி, நான்கு அடி கொண்ட ஒரு பார் இரண்டு விநாடி.

கருவிகள்

லேப்டாப், ஹெட்போன், ஒரு இசைத் தயாரிப்பு மென்பொருள். இவை போதும். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். எல்எம்எம்எஸ் முற்றிலும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம். சேமித்த வேலையை மறுபடி திறக்க மட்டும் பணம் கட்ட வேண்டும். ஏபிள்டன் லைவின் சிறிய பதிப்பு பல மிடி கீபோர்டுகளோடு (கணினியில் இணைக்கும் கட்டைப் பலகைகளோடு) இலவசமாகவே வருகிறது. எது சிறந்தது என்று வாரக்கணக்கில் வீடியோ பார்ப்பது வீண் வேலை. நண்பர் யாராவது ஏற்கெனவே பயன்படுத்துகிறார் என்றால் அதையே எடுங்கள், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும்.

சிந்தசைசர் பிளக்இன், அதாவது மின்னொலியை உருவாக்கும் துணை மென்பொருள், வாங்க வேண்டியதில்லை. சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டில் ஒன்றே பல வருடத்துக்குத் தாங்கும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஹெட்போனுக்குப் போடுங்கள். ஒயர் உள்ள ஹெட்போனாக இருக்கட்டும். புளூடூத்தில் நீங்கள் கட்டையை அழுத்துவதற்கும் ஒலி காதுக்கு வருவதற்கும் நடுவே நன்றாகத் தெரியும்படி தாமதம் வரும், தாளம் பிடிக்கவே முடியாது. அதற்கு மேலும் பணம் மிஞ்சினால், என்னைக் கேட்டால், நிறையக் கட்டைகள் உள்ள கீபோர்டைவிடத் திருகுகள் உள்ள சின்ன மிடி கன்ட்ரோலர் நல்லது. காரணம் கீழே வரும்.

மென்பொருளைத் திறந்ததும் ஆடியோ செட்டிங்கில் பஃபர் அளவை (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை) 256-க்கு மாற்றுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் அது ஆறு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதம். கணினி திணறிச் சத்தம் உடைந்தால் 512-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கொண்டுசெல்லும் மென்பொருள்) இல்லாமல் இந்த வேகம் பெரும்பாலும் வராது. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு வெளியே இணைக்கும் ஒலிப் பெட்டி) இல்லையென்றால் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போடலாம்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மென்பொருளில் இரண்டு வகைத் தடங்கள் உண்டு. ஆடியோ தடத்தில் பதிவான ஒலி இருக்கும். மிடி தடத்தில் ஒலி இருக்காது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள் மட்டும் இருக்கும். 1983-இல் வந்த இந்த மிடி முறைதான் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைத்தது. நம் டிராக்கில் பெரும்பகுதி மிடியாகவே இருக்கும். அதனால் எந்தச் சுரத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கேட்டுக் குறித்தல்

ஒரு சுரம்கூட வாசிக்கும் முன்பு, இந்த வேகத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு ஹவுஸ் டிராக்கை எடுத்து மென்பொருளில் ஒரு ஆடியோ தடத்தில் போடுங்கள். அதன் வேகத்துக்கு மென்பொருளின் வேகத்தைப் பொருத்தி, முதல் கிக் (பெரிய டிரம்மின் கனத்த அடி) சரியாக முதல் பாரின் தொடக்கத்தில் விழும்படி நகர்த்துங்கள். அப்புறம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே கேளுங்கள்: எத்தனையாவது பாரில் ஹைஹாட் (சின்ன சிம்பல் ஒலி) வருகிறது, பேஸ் எப்போது, கிக் எங்கே நிற்கிறது, எத்தனை பார் கழித்துத் திரும்புகிறது.

முக்கால்வாசி மாற்றங்கள் 8, 16, 32 பார் எல்லைகளில் விழுவதைப் பார்ப்பீர்கள். பெரிய மாற்றத்துக்கு முந்தின பாரில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். கிக் ஒரு கணம் நிற்கும், அல்லது ஒரு சிம்பல் எழும். இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேண்டும். அந்தத் தடத்தையும் அழிக்காமல் ஊமையாக்கி வையுங்கள்.

தாளம்

டிரம் மென்பொருளில் ஒரு பார் 16 கட்டங்களாகப் பிரிந்திருக்கும். இந்தக் கட்ட முறை ரோலண்டின் டிஆர்-808, டிஆர்-909 போன்ற டிரம் மெஷின்கள் வழியாகப் பரவியது. 808 வந்தது 1980-இல், 909 வந்தது 1983-இல். இந்த இரண்டின் ஒலிகளும் அநேகமாக எல்லா மென்பொருளிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். ஹவுஸுக்கு 909-இன் கிக் நன்றாகப் பொருந்தும், நெஞ்சில் குத்துகிற மாதிரி ஒரு முனை அதற்கு உண்டு.

கிக்கை 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் வையுங்கள். கிளாப்பை (கைதட்டல் ஒலியை) 5, 13-இல் வையுங்கள். திறந்த ஹைஹாட்டை 3, 7, 11, 15-இல் வையுங்கள்; இரண்டு கிக்குக்கு நடுவே விழுகிற இந்த ‘ட்ஸ்’தான் காலை ஆட வைக்கிறது. மூடிய ஹைஹாட்டை 16 கட்டத்திலும் போட்டு, அழுத்தத்தை மாற்றுங்கள். மிடியில் அழுத்தம் 1 முதல் 127 வரை. 100, 50, 75, 50 என்று நான்கு நான்காகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அடுத்து உங்கள் காதுக்குப் பிடித்தபடி கலையுங்கள். எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருந்தால் தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி இருக்கும்.

அடுத்து ஸ்விங். இரட்டைப்படைக் கட்டங்களில் விழும் அடிகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவதற்குத்தான் அந்தப் பெயர். அமெரிக்காவின் ரோஜர் லின் தன் டிரம் மெஷின்களில் கொண்டுவந்த வசதி இது. 50 சதவீதம் என்றால் துல்லியமான நேர் அடி. 66-க்கு வந்தால் திஸ்ர நடை ஆகிவிடும். 54-இலிருந்து 58-க்குள் நிறுத்துங்கள். சில மென்பொருள்களில் இந்த அளவு 0 முதல் 100 வரை வேறு கணக்கில் இருக்கும். அங்கே எண்ணை விட்டுவிட்டுக் காதால் முடிவு செய்யுங்கள்.

கிக் ஒலி பிடிக்கவில்லையென்றால் ஈக்யூ (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். வேறு கிக் எடுங்கள். நல்ல ஒலியைத் தேர்ந்தெடுப்பது இந்த இசையில் பாதி வேலை.

ஒரே வரி

இனிதான் டிராக்கின் உயிர். ரோலண்ட் நிறுவனம் 1981-இல் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டியை வெளியிட்டது. பேஸ் கிதார் வாசிக்க ஆள் இல்லாத கிதார் கலைஞர்கள் தனியாகப் பயிற்சி செய்வதற்காக வந்த கருவி. உண்மையான பேஸ் கிதார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, விற்கவும் இல்லை. சில வருடத்தில் தயாரிப்பு நின்று, பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவின் இளைஞர்கள் அப்படி ஒன்றை வாங்கி, ஒரே பேஸ் வரியை ஓடவிட்டு அதன் திருகுகளைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். 1987-இல் அவர்கள் வெளியிட்ட பத்து நிமிடத்துக்கும் நீண்ட அந்தப் பதிவிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற வகையே கிளம்பியது. புது மெட்டு எதுவும் அதில் கிடையாது. திருகு திரும்புவதுதான் அதில் நடக்கும் சம்பவம்.

இதற்கு ஐந்து வருடம் முன்பே, 1982-இல், மும்பையில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் இதே 303-ஐயும் 808-ஐயும் வைத்துப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருந்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுவெளியீடு ஆனபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ராகமும் இந்தக் கருவியும் ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. சில சுரங்களுக்குள்ளேயே நெடுநேரம் நின்று, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது இரண்டுக்கும் பொது.

நாமும் ஒரு ராகத்தின் சுரங்களையே எடுத்துக்கொள்வோம். சுத்த தன்யாசியின் ஸ க ம ப நி மேற்கத்திய இசையில் மைனர் பென்டடானிக் எனப்படும் அதே ஐந்து சுரங்கள். ஸட்ஜத்தை ஏ என்ற கட்டையில் வைத்தால் ஏ, சி, டி, இ, ஜி. எல்லாம் வெள்ளைக் கட்டைகள். பேஸுக்கு மிகக் கீழேயுள்ள 55 ஹெர்ட்ஸ் ஏ-யைப் பிடியுங்கள்.

மீண்டும் 16 கட்டம். 3, 4-இல் ஸ. 7-இல் மேல் ஸ, 8-இல் ப. 11-இல் ஸ, 12-இல் க. 15-இல் கீழ் நி. 1, 5, 9, 13 காலியாக இருக்கிறது பாருங்கள், அங்கே கிக் விழுகிறது. கிக்கும் பேஸும் ஒரே நொடியில் மோதாமல் மாறி மாறி வந்தால் பின்னால் மிக்ஸிங்கில் பாதித் தலைவலி குறையும். இந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. சுரங்களை இடம் மாற்றி, ஒன்றிரண்டை எடுத்துவிட்டு உங்களுடையதாக்குங்கள். ஏழு சுரத்துக்கு மேல் போகாதீர்கள்.

சிந்தசைசரில் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒரே ஒரு ஆஸிலேட்டரை (ஒலி அலையை எழுப்பும் பகுதியை) ‘ஸா’ (saw, ஆங்கிலத்தில் ரம்பம்) அலையில் வையுங்கள். ரம்பப் பல் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். 55 ஹெர்ட்ஸில் இந்த அலையை எழுப்பினால் 55 மட்டும் கேட்காது. 110, 165, 220, 275 என்று அதன் எல்லா மடங்குகளும் சேர்ந்து கேட்கும். அதனால்தான் அது அவ்வளவு கரகரப்பு. இனி லோ-பாஸ் ஃபில்டரை, அதாவது கீழ் ஒலிகளை விட்டு மேல் ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டியை, போடுங்கள். அது தடுக்கத் தொடங்கும் இடமான கட்ஆஃபை 200 ஹெர்ட்ஸில் வைத்தால் முதல் மூன்று மடங்குகள் வரைதான் முழுதாகத் தப்பும், மேலே உள்ளவை தேய்ந்துவிடும். ஒலி கம்பளிக்குள் போனது போல மந்தமாகும். கட்ஆஃபை மெதுவாக 2,000 வரை ஏற்றுங்கள். ஒளிந்திருந்த மடங்குகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சுரம் மாறவில்லை, ஆனாலும் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. இந்த அனுபவத்துக்காகவே ஒரு மாலையை ஒதுக்கலாம்.

அடுத்த திருகு ரெசொனன்ஸ். கட்ஆஃப் நிற்கும் இடத்தில் உள்ள ஒலியை அது தூக்கிக் காட்டும். பாதிக்கு மேல் ஏற்றிவிட்டு கட்ஆஃபை நகர்த்தினால் அந்த ‘க்வாவ்’ என்ற ஆசிட் முனகல் வந்துவிடும். அப்புறம் ஃபில்டர் என்வலப். ஒவ்வொரு சுரமும் அடிக்கப்படும்போது கட்ஆஃப் சட்டென்று எழுந்து விழும்படி இது செய்யும். அட்டாக் (எழும் நேரம்) பூஜ்யம், சஸ்டெயின் (நிற்கும் அளவு) பூஜ்யம், டிகே (விழும் நேரம்) 200 மில்லி விநாடி என்று தொடங்குங்கள். டிகேயைக் குறைத்தால் சுரங்கள் சொட்டுச் சொட்டாக விழும், கூட்டினால் குழைந்து வழியும்.

கடைசியாக வழுக்கல். சிந்தசைசரை மோனோ (ஒரு நேரத்தில் ஒரு சுரம்), லெகாட்டோ (படியும் சுரங்கள் இணையும்) நிலையில் வைத்து, கிளைடு (வழுக்கும்) நேரத்தை 60 மில்லி விநாடியாக்குங்கள். 7-ஆம் கட்டத்துச் சுரத்தை 8-இன் மேல் கொஞ்சம் படியும்படி நீட்டினால் மேல் ஸவிலிருந்து ப வழுக்கி இறங்கும். 11-க்கும் 12-க்கும் இடையிலும் அப்படியே செய்யுங்கள். படியாத சுரங்கள் தனித்தனியாகவே விழும். எங்கே வழுக்குவது என்று தேர்வதில்தான் வரியின் குணம் இருக்கிறது.

திருகைப் பதிவு செய்தல்

இப்போது கையில் இருப்பது ஒரு பார் நீளமுள்ள ஒரு வரி. அதை 64 பாருக்கு நகலெடுங்கள். கட்ஆஃபை மிடி கன்ட்ரோலரில் ஒரு திருகோடு இணைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் இல்லையென்றால் மவுஸ் போதும். ஆட்டோமேஷன் (திருகின் அசைவு) பதிவை இயக்கிவிட்டு, இரண்டு நிமிடச் சொச்சம், திரையைப் பார்க்காமல், அந்த ஒரு திருகை மட்டும் திருப்பிக்கொண்டே கேளுங்கள். முழுவதும் மூடிய நிலையில் தொடங்குங்கள். அவசரம் வேண்டாம். 16 பார் முழுவதும் ஒரு நூல் அளவு திறந்தால் போதும். ஒலி வெடிக்கப்போகிறது என்று தோன்றும் இடத்தில் சட்டென்று மூடிப் பாருங்கள். மறுபடி முதலிலிருந்து, இந்த முறை ரெசொனன்ஸ். இன்னொரு முறை டிகே.

மவுஸால் நேர்கோடு வரைவதைவிட இது எவ்வளவோ மேல். வரைந்த கோடு எங்கே போகும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கை தயங்கும், திரும்பும், சில இடத்தில் தாளத்தோடு சேர்ந்து துடிக்கும். கேட்பவருக்கு அதுதான் ஒரு மனிதர் வாசிப்பதாகப் படுகிறது. கட்டைகளைவிடத் திருகுகள் முக்கியம் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்: இந்த இசையில் வாசிப்பு நடப்பது திருகில்.

பதிவானதைச் சிறிது நேரம் கழித்துக் கேட்டு, நன்றாக வந்த எட்டு பார், பதினாறு பார் துண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டிராக்கின் உச்சம் அந்தத் துண்டுகளில் ஒன்றாக இருக்கும்.

கார்டும் ஒரு சொந்த ஒலியும்

துணைக்கு ஒரே ஒரு கார்ட் போதும். ஏ, சி, இ, ஜி சேர்ந்தால் ஏ மைனர் செவன்த். நம் கணக்கில் ஸ க ப நி. வரி எந்த ராகத்தில் இருக்கிறதோ அதே சுரங்கள் என்பதால் எங்கேயும் இடிக்காது. இதை நீளமாகப் பிடிக்காமல் வெட்டுப் போலச் சட்டென்று அடியுங்கள், 4-ஆம் கட்டத்தில் ஒன்று, 11-இல் ஒன்று. அதன்மேல் ஒரு டிலே (எதிரொலிக் கருவி) போட்டு நேரத்தை 375 மில்லி விநாடியாக வைத்தால் எதிரொலி மூன்று கட்டம் தள்ளித் தள்ளி விழுந்து, நீங்கள் வாசிக்காத ஒரு தாளம் உள்ளே உருவாகும். ரிவெர்பை (அறையின் முழக்கத்தை) தனி சென்ட் தடத்தில் (மற்றத் தடங்கள் ஒலியை அனுப்பிப் பகிரும் தடத்தில்) வைத்துக் கார்டுக்கும் கிளாப்புக்கும் மட்டும் கொடுங்கள். கிக்குக்கும் பேஸுக்கும் ரிவெர்ப் வேண்டாம்.

இன்னொரு ஒலி உங்கள் சுற்றுப்புறத்திலிருந்து வரட்டும். 1948-இல் பாரிஸில் பியர் ஷெஃபர் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து வெட்டி ஒட்டி இசையாக்கினார். அன்றைக்கு அதற்கு ஒரு வானொலி நிலையத்தின் வசதி வேண்டியிருந்தது, இன்று செல்போன் போதும். கிரைண்டர் சுற்றும் சத்தம், மின்ரயில் கதவோரக் காற்று, இட்லித் தட்டு விழும் ஓசை, சந்தைக் கூச்சல், எதுவானாலும் சரி. 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு, ஒரு பார் நீளத்துக்கு அறுத்து, மிக மெல்லிய அளவில் தாளத்துக்குப் பின்னால் ஓடவிடுங்கள். இலவச ஸாம்பிள்கள் (தயார் ஒலித் துண்டுகள்) உலகம் முழுவதும் ஒரே மாதிரிதான் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுக் கிரைண்டர் இன்னொருவர் டிராக்கில் இருக்காது.

லூப்பை டிராக்காக விரித்தல்

தொடங்குகிறவர்கள் நின்றுபோகும் இடம் இதுதான். வெறும் திரையில் இடமிருந்து வலமாகக் கட்டிக்கொண்டு போக முயலாதீர்கள். எல்லா ஒலிகளையும் சேர்த்து, 144 பாருக்கு முழுவதும் நகலெடுத்து நிரப்புங்கள். 144 பார் என்றால் 288 விநாடி, 4 நிமிடம் 48 விநாடி. இப்போது உங்கள் வேலை அழிப்பது மட்டும்.

முன்பு எழுதி வைத்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள அமைப்பையே கொஞ்சம் மாற்றிப் பின்பற்றலாம். அமைப்பு யாருடைய சொத்தும் இல்லை. முதல் டிராக்குக்கு இப்படி ஒன்று சரியாக வரும். 1 முதல் 16 வரை கிக்கும் மூடிய ஹைஹாட்டும் மட்டும். 17-இல் பேஸ் வரி, கட்ஆஃப் முழுவதும் மூடி, கேட்கிறதா இல்லையா என்ற அளவில். 33-இல் கிளாப்பும் திறந்த ஹைஹாட்டும். 49-இல் கார்டும் கிரைண்டரும். 65-இல் கிக்கை எடுத்துவிடுங்கள். 16 பாருக்குக் கார்டின் எதிரொலியும், மெல்லத் திறக்கும் வரியும் மட்டும் இருக்கட்டும். 81-இல் கிக் திரும்பி வரும்போது எல்லாம் சேர்ந்து ஒலிக்கட்டும், நீங்கள் குறித்து வைத்த சிறந்த திருகுத் துண்டு இங்கே. 113-இலிருந்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள். 129-இலிருந்து கடைசிவரை மறுபடி கிக்கும் ஹைஹாட்டும். முதலும் கடைசியும் வெறும் தாளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: டிஜே ஒருவர் முந்தின டிராக்கின் வாலையும் உங்கள் டிராக்கின் தலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டுத்தான் இணைப்பார். அங்கே மெட்டு இருந்தால் இரண்டும் சண்டை போடும்.

இந்தப் பெரிய எல்லைகளுக்கு நடுவே எட்டு பாருக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று மாற வேண்டும். ஒன்று மட்டும் போதும். இரண்டு மூன்று சேர்ந்து மாறினால் எதுவுமே பதியாது. பெரிய எல்லைகளுக்கு முந்தின பாரின் கடைசி அடியில் கிக்கை எடுத்துவிடுங்கள். அந்த அரை விநாடி வெறுமை அடுத்த அடியை இரண்டு மடங்கு கனமாக்கும். சத்தத்தைக் கூட்டித்தான் அழுத்தம் தர வேண்டும் என்பதில்லை என்று இங்கே தெரியும்.

முழுதும் அமைத்த பிறகு, திரையை அணைத்துவிட்டு அல்லது திரும்பி உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து கேளுங்கள். கவனம் சிதறும் இடத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் அநேகமாக ஏதாவது நீளமாக இருக்கும். வெட்டுங்கள்.

மிக்ஸிங்

எல்லாத் தடங்களின் ஒலியையும் சத்தமே வராதபடி முழுவதும் இறக்கிவிட்டு, கிக்கிலிருந்து தொடங்குங்கள். அதன் உச்சம் மீட்டரில் மைனஸ் 10 டெசிபெல் அருகே இருக்கட்டும். அடுத்து பேஸ், அடுத்து கிளாப், ஹைஹாட், கார்ட், கடைசியாகக் கிரைண்டர். எல்லாம் சேர்ந்த பிறகு மாஸ்டர் தடத்தின் (எல்லாம் சேர்ந்து வெளியேறும் தடத்தின்) உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஒலியில் கேட்டே இதைச் செய்யுங்கள். சத்தமாகக் கேட்டால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும், முடிவு தப்பாகப் போகும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல்தான் பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தத் தொழிலில் காதுதான் முதல்.

கிக், பேஸ் தவிர மற்ற தடங்களில் 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை கீழ்ப்பகுதியை ஈக்யூவால் வெட்டுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்த மாதிரி தோன்றும், கூட்டத்தில் தெளிவாக இருக்கும். பேஸை நடுவில், மோனோவில் (இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாக) வையுங்கள். அகலத்தைக் கார்டுக்கும் ஹைஹாட்டுக்கும் கொடுங்கள்.

கிக் விழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் ஒரு கணம் ஒதுங்கி வழிவிடுவதைச் சைட்செயின் கம்ப்ரஷன் என்பார்கள். கார்ட் தடத்தில் கம்ப்ரஸரை (ஒலியை அமுக்கும் கருவியை) போட்டு, அதன் சைட்செயின் உள்ளீடாகக் கிக்கைத் தேர்ந்தெடுங்கள். விகிதம் 4-க்கு 1, அட்டாக் (இங்கே, அமுக்க எடுக்கும் நேரம்) ஒரு மில்லி விநாடி, ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 150 மில்லி விநாடி. கிக் 500 மில்லி விநாடிக்கு ஒருமுறை வருவதால் அதற்குள் ஒலி முழுதாகத் திரும்பிவிடும். பேஸ் வரி கிக்கோடு மோதாமல் எழுதப்பட்டிருக்கிறது, அதனால் அங்கே லேசாகப் போட்டால் போதும்.

லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போவது எல்லோருக்கும் நடக்கும். 55 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. பேஸின் ஒலியைக் கூட்டுவதால் பயனில்லை, ஹெட்போனில் மட்டும் இரைச்சலாகும். ஒரு சாச்சுரேஷன் பிளக்இனை லேசாகப் போடுங்கள். கட்ஆஃப் மூடிய நிலையிலும் அது மேல் மடங்குகளைப் புதிதாக உருவாக்கும். அவற்றைக் கேட்டு மூளை கீழ்ச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஊமையாக்கி வைத்த அந்த ஹவுஸ் டிராக்கை இப்போது திறந்து, உங்களுடையதோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். அது மாஸ்டரிங் (கடைசி மெருகு) முடிந்தது என்பதால் சத்தம் கூடுதலாக இருக்கும். உங்கள் அளவுக்கு அதை இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள், இல்லையென்றால் உங்கள் டிராக் வீணாக மட்டமாகத் தெரியும்.

மாஸ்டரிங், ஏற்றுமதி

முதல் டிராக்குக்கு மாஸ்டர் தடத்தில் ஒரு லிமிட்டர் (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) போதும். மேல் எல்லையை மைனஸ் 1 டெசிபெலில் வைத்து, உச்சங்களில் இரண்டு மூன்று டெசிபெல் மட்டும் அமுங்கும் அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் பாடல்களை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (ஒட்டுமொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சமப்படுத்துகிறது. நீங்கள் அதைவிட நசுக்கி ஏற்றினாலும் அங்கே இறக்கப்பட்டுவிடும். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, ஹெட்போன், செல்போன், யாராவது ஒருவரின் கார் என்று மூன்று இடத்தில் கேளுங்கள். மூன்றிலும் தெரியும் குறையை மட்டும் திருத்துங்கள்.

வெளியிடுவதாக இருந்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸாம்பிளுக்கும் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். சினிமாப் பாடலிலிருந்து இரண்டு விநாடி வெட்டியிருந்தாலும் அது இன்னொருவரின் உரிமை. இந்தியாவில் இருப்பவர்கள் தங்கள் படைப்புகளுக்கான ராயல்டிக்காக ஐபிஆர்எஸ் அமைப்பில் இசையமைப்பாளராகச் சேரலாம்.

கோப்பை மூடும் முன்பு, டிரம் வரிசை, சிந்தசைசர் அமைப்பு, சென்ட் தடங்கள் எல்லாவற்றையும் ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்து வையுங்கள். அடுத்த டிராக்கை அதிலிருந்தே தொடங்கி, சுத்த தன்யாசியை ஹிந்தோளமாக்கிப் பாருங்கள். பஞ்சமத்தை எடுத்துவிட்டுச் சுத்த தைவதத்தைப் போட்டால் முடிந்தது: ஏ, சி, டி, எஃப், ஜி. இ என்ற சுரம் போய்விட்டதால் பழைய கார்ட் இனி பொருந்தாது. டி, எஃப், ஏ, சி, அதாவது ம த ஸ க என்று அடியுங்கள். பேஸ் வரி ஸவிலேயே நிற்க, மேலே கார்ட் மத்தியமத்தில் உட்காரும்போது அதே திருகு, அதே ஃபில்டர், வேறொரு டிராக்காக ஒலிக்கும்.